மெதுவா மச்சானும் கதவின் இரண்டு குடுமிகளும்

நான் ஐந்தாம் வகுப்போடு படிப்பை முடித்தவன். ஒற்றை உளியோடு தொடங்கி, பதினோரு பேர் வேலை செய்யும் தச்சுப் பட்டறையை உண்டாக்கியவனும் நானே. நான் மாட்டிய கதவு எதுவும் இதுவரை தரையில் உரசியதில்லை. சந்தேகம் உள்ளவர்கள் போய்த் திறந்து பார்க்கலாம். அப்படிப்பட்ட என் மண்டையையே குழப்பிய ஒரு மனிதர் உண்டு. என் மனைவியின் அண்ணன். பட்டறையில் அவருக்கு ‘மெதுவா’ என்று பெயர்.

எதைச் சொன்னாலும் “மெதுவா செய்யலாம் மாப்ள” என்பார். இரண்டு காதிலும் பென்சில் இருக்கும். மூன்றாவது பென்சிலைத் தேடிக்கொண்டிருப்பார். வெளியே மழையா என்று கேட்டால்கூட எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் பதில். பட்டறையைத் தவிர அவருக்குப் போக்கிடம் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக என் வீட்டில் சாப்பாடு, என் பட்டறையில் வேலை. நான் இல்லையென்றால் அவர் எங்கே என்று என் மனைவியிடமே கேட்டிருக்கிறேன். அவள் குழம்பை ஊற்றுவாள்.

ஒரு பல் டாக்டரம்மா பழைய வீடு ஒன்றை வாங்கி ஆஸ்பத்திரியாக மாற்றிக்கொண்டிருந்தார். வாசலில் நிலைச்சட்டம் சுவரோடு கெட்டியாக நின்றது. கதவு மட்டும் உளுத்துப்போயிருந்தது. புதுக் கதவு வேண்டும், ஆனால் பழைய மாதிரியே, கீல் இல்லாமல். அந்தக் காலத்துக் கதவில் ஒரு ஓரத்துச் சட்டம் மேலேயும் கீழேயும் முளை மாதிரி நீண்டிருக்கும். அந்த முளைகள் நிலையில் உள்ள குழிகளில் உட்கார்ந்து சுழலும். முளைக்குக் குடுமி என்று பெயர்.

“ஏன் குடுமி?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“தலையில் இருப்பதால் குடுமி” என்று ஒரு நொடி யோசிக்காமல் சொன்னேன்.

“அப்போ கால்ல இருக்கறது?”

நிலையை அளக்க வேண்டும் என்று நழுவிவிட்டேன். என் தெருவில் இருக்கும் தமிழ் வாத்தியாரிடம் கேட்டேன். குடுமி என்றால் உச்சி, மலை உச்சிக்கும் அதுதான் பேர் என்றார். உச்சி எப்படி ஐயா தரையில் கிடக்கும் என்றதற்கு, “யோசிச்சுச் சொல்றேன்” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

வேலையை மச்சானிடம் கொடுத்தேன். பத்து நாள் ஆகியும் அவர் இழைத்துக்கொண்டே இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரித் திறப்பு. எனக்கு ரத்தம் கொதித்தது.

“வெள்ளிக்கிழமை அந்தக் கதவு நிலையில உட்கார்ந்து ஆடலைன்னா, சனிக்கிழமை நீங்க பட்டறைப் பக்கமே வர வேண்டாம்” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

“சரி மாப்ள” என்றார். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை அவர் சாப்பிடப் போன நேரம், கதவை அளந்து பார்த்தேன். கீழ்க் குடுமி ஒரு அங்குலம். மேல் குடுமி இரண்டரை! ஒரே பெயர் கொண்ட இரண்டுக்கும் இரண்டு அளவா? வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை, பாவம் என்று நினைத்து, நானே ரம்பத்தை எடுத்து மேல் குடுமியை ஒரு அங்குலத்துக்கு வெட்டிச் சமப்படுத்தினேன். யாரிடமும் சொல்லவில்லை. நல்லது செய்கிறவன் தம்பட்டம் அடிக்கக் கூடாது.

வெள்ளிக்கிழமை காலை மச்சான் பக்கத்தில் நிற்க, நானும் பட்டறை ஆட்கள் மூன்று பேரும் கதவைத் தூக்கினோம். மேல் முளையைக் குழிக்குள் ஏற்றினோம். கீழே இறக்கினோம். கீழ் முளை உட்கார்ந்ததும் மேல் முளை வெளியே வந்துவிட்டது. மறுபடி ஏற்றினால் கீழே கழன்றது. நாலு தடவை இதே கூத்து. டாக்டரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு ஒன்றுமே புரியவில்லை.

மச்சான் கதவைப் படுக்கவைத்து, மேல் முளையை விரலால் தடவினார்.

“மேலே நீளமா இருந்தாத்தான் மாப்ள தூக்கி உள்ளே விட்டு இறக்க முடியும். இறங்கின பிறகும் பாக்கி உள்ளே நிக்கணும். யாரோ மொட்டை அடிச்சிருக்காங்க.”

“யாரு?” என்றேன்.

“வெட்டு இடப்பக்கம் சாய்ஞ்சிருக்கு. நம்ம பட்டறையில இடப்பக்கம் சாய்ச்சு அறுக்கிற கை ஒண்ணுதான்.”

கூட வந்தவர்கள் மூவரும் கூரையைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

அவர் திட்டவில்லை. சட்டத்தின் மேல்முனையில் நீளப் பள்ளமாகக் காடி எடுத்து, ஒரு வைரம் பாய்ந்த கட்டையை நீளமாகச் செதுக்கி அதில் இறக்கி, குறுக்கே இரண்டு மர ஆணி அடித்தார். என் ஆயுளில் முதல் முறையாக அவர் வேகமாக வேலை செய்ததை அன்றுதான் பார்த்தேன். மாலை நாலரைக்குக் கதவு ஒரு விரல் தள்ளலில் சத்தமில்லாமல் திரும்பியது.

“இப்பவாவது சொல்லுங்க, கீழே இருக்கறதுக்கு ஏன் குடுமின்னு பேரு?” என்றார் டாக்டரம்மா.

“எனக்கும் தெரியாதும்மா. கதவைத் தலைகீழா நிறுத்திப் பார்த்தவன் வெச்ச பேரா இருக்கும்” என்றார் மச்சான். அது பதிலா, கேலியா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

சனிக்கிழமை காலை நான் போவதற்குள் அவர் பட்டறையைத் திறந்து உட்கார்ந்திருந்தார்.

“கதவு ஆடுச்சே மாப்ள. இன்னைக்கு வர வேண்டாம்னு யாருக்குச் சொன்னீங்க?”

என் ரம்பத்தை அவர் முன்னால் வைத்து, பல் தீட்டித் தரும்படி சொன்னேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“மெதுவா தரேன்” என்றார்.