மேனகாவுக்கு வந்த மூச்சு

வைத்திக்குப்பத்தில் மேனகாவுக்கு 'நடிப்புக்காரி' என்று பேர் வைத்ததே அவள் மாமியார் குஞ்சம்மாள்தான். இரண்டாவது பிரசவம் முடிந்து வீடு திரும்பிய வாரத்தில் மேனகாவின் இடது கால் வீங்கியது. வெந்நீர் ஒத்தடத்தில் வீக்கம் வடிந்தது. மூச்சிரைப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மீன் கூடையைத் தலையில் ஏற்றினால் தெருமுனை தாண்டுவதற்குள் கண் இருட்டும். கிளினிக்கில் வீசிங் என்று மருந்து கொடுத்தார்கள். மருந்துக்கு இரைப்பு அடங்கவில்லை.

"புள்ள பெத்தவ இவ ஒருத்திதானா? உடம்பு வணங்கல, வேறென்ன?" என்று குஞ்சம்மாளே கூடையைத் தூக்கினாள். கருவடிக்குப்பம் வரை நடந்து விற்றாள். மீனோடு மருமகளின் கதையையும் வீடு வீடாக இறக்கிவிட்டு வந்தாள். புருஷன் அய்யப்பன் அம்மா பக்கம். "அந்த வயசுல அவங்க நடக்குறாங்க, உனக்கென்ன கேடு?" என்பான்.

சில வருஷம் அப்படியே நடந்த குஞ்சம்மாள் ஒருநாள் வெயிலில் சுருண்டு விழுந்து செத்துப்போனாள். கிழவியை மருமகள்தான் கொன்றாள் என்று குப்பம் பேசியது. சாவு வீட்டில் மேனகாவுக்கு வாய்விட்டு அழ மூச்சு பத்தவில்லை. அதற்கும் பேச்சு வந்தது.

காரியம் முடிந்த கொஞ்ச நாளில் அவளே உதடு நீலம் பாரித்து விழுந்தாள். கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன் பார்த்த டாக்டர், "கால்ல கட்டின ரத்தம் நுரையீரலுக்குப் போயி, ரத்தக்குழாய்க்குள்ள தோல் மாதிரி ஒட்டிக்கிச்சும்மா. இத்தனை வருஷம் எப்படி நடமாடுனீங்க?" என்றார். சென்னைக்கு அனுப்பினார்கள். அங்கே உடம்பைக் குளிரவைத்து, இதயத்தை நிறுத்தி, ஒட்டியிருந்ததை உரித்தெடுத்தார்கள். எடுத்ததை டாக்டர் போனில் காட்டினார். வேரோடு பிடுங்கிய செடி மாதிரி கிளை கிளையாக இருந்தது. அய்யப்பன் கண் கலங்கினான்.

"அம்மா இருந்து இதப் பாத்திருக்கணும்."

"நீ இருந்தியே. நீ என்னத்தப் பாத்த?" என்றாள் மேனகா.

உடம்பு தேறியதும் கூடையோடு எங்கும் நிற்காமல் கருவடிக்குப்பம் வரை நடந்தாள். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. வெட்டுப்பட்டால் ரத்தம் லேசில் நிற்காது. அதனால் மீன் அறுத்துத் தருவதில்லை. குஞ்சம்மாளிடம் வாடிக்கையாக வாங்கிய சிவசங்கரி ஒருநாள் சங்கரா மீனைக் கையில் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

"உன் மாமியார் அறுத்து, கழுவிக் குடுத்துட்டுத்தான் போவாங்க. பாவம், அவங்க போனப்புறம்தான் உனக்கு மூச்சு வந்துச்சு, இல்ல?"

மாராப்பை விலக்கி நெஞ்சுத் தழும்பைக் காட்டியிருக்கலாம். முன்பு வேறொரு வீட்டில் காட்டிப் பார்த்தவள்தான்; "ஐயோ, மூடு மூடு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"மீனக் குடுங்க," என்றாள் மேனகா. சிவசங்கரி கையிலிருந்த சங்கராவை வாங்கிக் கூடையில் போட்டு, தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். "மீனேய்!" என்று அவள் கூவியது இரண்டு தெரு தள்ளியும் கேட்டது.