விண்கலத்தின் இடது இறக்கை

அந்தப் பையைத் தொட்டாலே உள்ளிருந்து சலசலவென்று ஒரு காய்ந்த சத்தம் வரும். எங்கள் தென்காசி வீட்டில், நான் படுக்கும் கட்டிலுக்கு அடியில் அது கிடந்த நாட்களில், கட்டிலில் உட்கார்ந்தாலும் எழுந்தாலும் அந்தச் சத்தம் கேட்கும். அம்மா அந்த மூலையை மட்டும் பெருக்காமல் விட்டுவிடுவாள். "அது இங்கன கெடக்கது எனக்கு நல்லதாப் படல" என்று அப்பாவிடம் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள்.

குற்றாலத்தில் அருவிக்குப் போகும் பாதையில் என் அப்பாவுக்குப் பழக்கடை இருந்தது. சாரல் காலத்தில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்பதோடு, குளிக்கப் போகிறவர்களின் பைகளையும் பார்த்துக்கொள்வார். பழம் வாங்கினால் பையை வைத்துவிட்டுப் போகலாம் என்பது அந்தப் பாதையில் எல்லாக் கடைகளிலும் இருந்த வழக்கம்தான். ஆனால் அப்பா சீட்டுக் கொடுக்க மாட்டார், ஈரத்தில் ஊறிப் போய்விடும். கலர் நூலை எடுத்து, பையின் பிடியில் ஒரு துண்டும் ஆளின் மணிக்கட்டில் ஒரு துண்டுமாக, ஒரே நிறத்தில் ஒரே எண்ணிக்கை முடிச்சோடு கட்டிவிடுவார். நாங்கள் அவற்றை 'முடிச்சுப் பை' என்போம். அதில் அப்பாவுக்குப் பெருமை அதிகம். "அடுத்தவங்க பையில கைய வச்சுட்டா, அன்னைக்கே இந்தத் தொழில விட்டுரணும்ட்டி" என்று என்னிடம் சொல்வார். எதுவும் காணாமல் போனதில்லை என்பதால் அவர் அப்படிப் பேசலாம்தான்.

எனக்குப் பதினோரு வயது. அந்த ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம் மலைக்கு மேலே கறுத்து, அருவித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்க ஆரம்பித்ததும், போலீஸ்காரர்கள் விசில் ஊதிக் கூட்டத்தை விரட்டினார்கள். ஜனங்கள் சொட்டச் சொட்ட ஓடினார்கள். சாயங்காலத்துக்குள் ஒவ்வொருவராக வந்து பைகளை வாங்கிப் போய்விட்டார்கள், ஒரே ஒரு நீலப் பையைத் தவிர. அதன் பிடியில் இரண்டு பச்சை முடிச்சுகள் இருந்தன. அப்பா பதறிப்போய் விசாரித்தார். அருவியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று எல்லோரும் அடித்துச் சொன்னார்கள். அப்படியானால் ஏன் வரவில்லை? ஆவணி முடிந்தும் யாரும் வரவில்லை. தண்ணீர் வற்றிக் கடையை மூடியபோது, அப்பா பையை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

காலாண்டுப் பரீட்சை விடுமுறையில், வீட்டில் யாரும் இல்லாத ஒரு பகலில், நான் அதைத் திறந்தேன். பூசணம் பிடித்த துண்டு ஒன்று, என்னைவிடச் சின்னப் பையன் ஒருவனின் கோடு போட்ட சட்டை, அதற்குக் கீழே ஒரு பெட்டி. பெட்டி மேல் ஒரு விண்கலத்தின் படம். ஒன்றோடொன்று பூட்டிக் கட்டும் சாம்பல் நிறப் பிளாஸ்டிக் கட்டைகள், படம் போட்ட ஒரு புத்தகம், பாதி கட்டி முடித்த கலம். அப்படி ஒரு சாமானை நான் கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்றுகூடப் பார்த்ததில்லை. மூடி வைக்க மனம் வரவில்லை.

முதலில் அந்தப் பையனுக்கு மார்க் போட்டேன். பள்ளிக்கூடத்தில் வகுப்புத் தலைவியாக இருந்து நோட்டுத் திருத்திப் பழகிய திமிர் எனக்கு உண்டு. அடிப்பாகம் கச்சிதமாக இருந்தது, மூக்கும் பரவாயில்லை. ஆனால் இடது இறக்கையைத் தலைகீழாகப் பூட்டியிருந்தான். கையில் தூக்கினால் கலம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நூற்றுக்கு நாற்பது. இறக்கையை மட்டும் மாற்ற முடியவில்லை, அதன் வேர் அடிப்பாகம்வரை போயிருந்தது. ஆகவே முழுவதையும் கழற்றினேன். ஒரு கட்டையில் சின்னப் பல் பதிந்த தடம் இருந்தது, கழற்ற வராமல் கடித்திருப்பான் போலிருக்கிறது. அதைப் பார்த்து நான் சிரித்தேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைச் சுடுகிறது.

நாலைந்து பகல்களில் கட்டி முடித்தேன். புத்தகத்தில் இருந்த படம் மாதிரியே, ஒரு கட்டை மிச்சமில்லாமல். தலையணைமேல் போட்டுப் பார்த்தேன், உடையவில்லை. அப்போதுதான் பயம் வந்தது. முழுக் கலம் பெட்டிக்குள் நுழையவில்லை. துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். பை சலசலப்பதை நிறுத்திவிட்டது. அம்மா ஒருநாள் அதை நகர்த்திவிட்டு, "என்னது, சத்தமே இல்ல" என்று என்னைப் பார்த்தாள். நான் பாடப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

கார்த்திகையில் ஐயப்பன் கூட்டத்துக்காகக் கடை திறந்ததும் பை மறுபடி கடைக்குப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நானும் கடையில் இருந்தபோது, கம்பு ஊன்றிக்கொண்டு ஒருவர் கேரளப் பக்கமிருந்து வந்தார். புனலூர்க்காரர். மணிக்கட்டில் நூல் இல்லை. அதை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்துவிட்டார்களாம். அன்றைக்குத் தண்ணீர் வந்த அவசரத்தில் ஈரத்தோடு வண்டியைக் கிளப்பிய அவரும் மகனும், பையின் ஞாபகமே இல்லாமல், புளியறை தாண்டி மலை வளைவில் எதிரே வந்த லாரியில் மோதினார்கள். அவர் நான்கு மாதம் படுக்கையில் கிடந்திருக்கிறார். பையன் அந்த இடத்திலேயே இறந்துவிட்டான்.

இதைச் சொல்லிவிட்டு, நீலப் பை, இரண்டு பச்சை முடிச்சு, உள்ளே தன் 'மோன்', அந்த மகன், கட்டிய பாதிக் கப்பல் என்று அடையாளம் சொன்னார். அதை அப்படியே வீட்டில் வைக்க வேண்டுமாம், அவன் கை பட்டது அது ஒன்றுதான் மிச்சமாம். அப்பா பையை எடுத்துக் கொடுத்தார். நான் பழக் கூடைகளுக்குப் பின்னால் நகர்ந்தேன்.

அவர் துண்டை விலக்கினார். வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"முடிச்சிருக்கான். இந்த இறக்கைய மாத்தி வச்சிருந்தான் அண்ணாச்சி. வரும்போது வண்டியில திருத்தச் சொன்னேன், கேக்கல. கன்னத்துல அடிச்சேன். நான் துண்டு வாங்கப் போன நேரத்துல இங்கன இருந்து திருத்தியிருக்கான். நான் சொன்னத கேட்டிருக்கான்."

அப்பா கலத்தைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். என் முகத்தில் எல்லாம் எழுதியிருந்திருக்க வேண்டும்.

"ஆமா" என்றார் அப்பா. "இந்தப் பழப் பெட்டி மேலதான் உக்காந்திருந்தான். நான் பாத்தேன்."

அந்த மனிதர் அழுதார். கலத்தைத் துண்டோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, கம்பை ஊன்றிப் பேருந்து நிற்கும் பக்கம் நடந்தார். அப்பா என்னை அடிக்கவில்லை. நூல்கண்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். அன்றிலிருந்து எங்கள் கடையில் யார் பையையும் வாங்கவில்லை.

இப்போது அப்பாவும் இல்லை, கடையும் இல்லை. போன சாரலில் என் மகளைக் கூட்டிக்கொண்டு போனபோது, அந்தப் பாதையில் எண் போட்ட இரும்புப் பெட்டிகள்தான் இருந்தன. பூட்டிவிட்டுச் சாவியைக் கையில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். புனலூர்க்காரர் இருந்தால் இன்றைக்கு அறுபதைத் தாண்டியிருப்பார், அவர் வீட்டு அலமாரியில் அந்தக் கலமும் இருக்கும். அவரைத் தேடிப் போக வேண்டும் என்று பலமுறை கிளம்பி, செங்கோட்டையோடு திரும்பியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு மிஞ்சியிருப்பதும் போய்விடும். ஆனால் அந்தப் பையன் அடி வாங்கிய பிறகும் இறக்கையை மாற்றவில்லை, தனக்குச் சரி என்று பட்டபடியே வைத்திருந்தான், அதைப் பார்த்தது உலகத்தில் நான் ஒருத்திதான். அவனைக் கழற்றிப் போட்டுவிட்டு, சொன்ன பேச்சுக் கேட்கும் வேறு ஒரு பிள்ளையை அவர் கையில் கொடுத்தனுப்பிவிட்டேன்.