கூடைக்கு அடியில் இருந்த தடம்

எங்கள் வீட்டுச் சுவரில் கன்னமிட்டுத் திருடியவர் என் தாய்மாமன் அல்லர். அதை அறிந்திருந்தும் அவரைச் சிறைக்கு அனுப்பியவள் நான்!

யுத்த காலம் அது. பட்டாபிராமிலிருந்து தினமும் ரயிலேறிச் சென்னைக் கல்லூரியில் தமிழிலக்கியம் படித்து வந்தேன். என்னை மணக்க நாள் பார்த்துக்கொண்டிருந்த ஏகாம்பரம் மாமா, ஒருநாள் என் மூன்று குறிப்பேடுகளையும் வெந்நீர் அடுப்பில் செருகினார்.

“படிச்சு இன்னா கிழிக்கப் போறே? என் ஊட்டு அடுப்பைத்தானே ஊதப் போறே! இப்பவே ஊதிப் பழகு, கண்ணு.”

எல்லோரும் சிரித்தனர். அம்மாவும்... நான் காத்திருந்தேன்.

மறுமாதம் ஒரு விடியலில், பின்கட்டு மண்சுவரில் ஆள் நுழையுமளவு துளை. அம்மாவின் நகைப்பெட்டியைக் காணவில்லை. அப்பாவின் கூச்சல் கேட்டு, அடுத்த தெருவிலிருந்த மாமா கொல்லை வழியாக ஓடிவந்தார். துளைக்கு முன்னிருந்த ஈர வாழைப்பாத்தியை மிதித்துக் கடந்து உள்ளே போனார். அதை நான் மட்டுமே பார்த்தேன்.

“தடம் பாக்கிறவரு வர்ற வரைக்கும் கூடையைக் கவுத்து மூடி வைம்மா. எவனும் மிதிக்கக் கூடாது” என்று உள்ளிருந்து கத்தினார் அப்பா. திருடனின் காலடியை அப்படிக் காப்பது எங்கள் ஊர் வழக்கம்.

பாத்தியில் இரண்டு தடங்கள். ஒன்று அகன்றது, எவனோ அந்நியனுடையது. மற்றொன்றில் சுண்டுவிரல் இல்லை, மாமாவுடையது. அகன்றதை என் காலால் தேய்த்து அழித்தேன். மற்றதன் மேல் கூடையைக் கவிழ்த்தேன். விளிம்பை மண்ணில் அழுத்தியும் வைத்தேன்! அதையும் சொல்லிவிடுகிறேன்.

தடம் பார்ப்பவர் கூடையைத் தூக்கினார். “வெளியாள் இல்ல நைனா. உன் மச்சான் காலுதான் இது.”

மாமா முதலில் சிரித்தார். “காலைல ஓடியாந்தேனே, அப்போ பட்டதுய்யா!” பிறகு என் பக்கம் திரும்பினார். “நீயே சொல்லு கண்ணு. நீ பாத்துகினுதானே இருந்தே?”

ஒரே ஒரு சொல்... அது போதும், அவர் தப்பியிருப்பார்.

“இல்ல மாமா. நீங்க வாசல் வழியாத்தான் வந்தீங்க.”

பழி இவ்வளவு இனிக்கும் என்று நான் கற்ற எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை! கோர்ட்டில் மாமாவுக்கு ஆறு மாதச் சிறை. அவருக்காக இன்றும் என் நெஞ்சு இரங்கவில்லை. இரங்க வேண்டுமா? நீங்கள் சொல்லுங்கள்.

ஆனால் அம்மா...

அப்பா செங்கல் சுவர் எழுப்பி, அதன் மேல் கண்ணாடிச் சில்லுகள் பதித்தார். கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள்கள் வந்தன. விடுதலையான மாமா ஒரு நண்பகலில் வந்து அந்தக் கதவைத் தட்டினார்.

“அக்கா... நான் எடுக்கல அக்கா. கதவைத் தெற.”

அம்மா எழுந்து நடந்தாள். திறக்கத்தான் போகிறாள் என்று எண்ணினேன். திறந்திருந்த இரண்டாம் தாழ்ப்பாளையும் போட்டாள். கதவில் முதுகைச் சாய்த்து, என் முகத்தையே பார்த்தாள்.

“நீ பாத்தியேடி... வாசல் வழியாத்தானே வந்தான்?”

வெளியே தட்டுவது நிற்கவில்லை.

“ஆமாம்மா” என்றேன்.