மூச்சு விட்ட கியர் பெட்டி

ஜவ்வரிசி ஆலை கியர் பெட்டியின் காற்றுத் துளையை போல்ட் போட்டு அடைத்த மேதை நான்தான். மாவில் எண்ணெய் சொட்டாதிருக்கத் தண்ணீர் கலந்த மசகு ஊற்றியிருந்தோம். அது அந்தத் துளை வழியே ஆவியாகித் தீர்ந்ததால்தான் அடைத்தேன். அடைத்ததும் சூட்டில் உள்ளே காற்று விரிந்து, கசிவைத் தடுக்கும் ரப்பர் சீல் பிதுங்கிவிட்டது.

காதில் பீடி சொருகிய ஃபிட்டர், என்னைக் கேட்காமலே போல்ட்டைப் பிடுங்கித் துளையில் கால்பந்து பிளாடரைக் கட்டினார். சூட்டில் அது உப்பியது, ஆறியதும் சுருங்கியது. ஈரம் வெளியேறவில்லை.

“கழட்டுங்க. முதலாளி பார்த்தா உங்க வேலை போயிடும்.”

“மாட்டனுங்க. பொட்டி மூச்சும் உடணும், தண்ணியும் போவக்கூடாது. உங்க போல்ட்டுதான் வேணும்னா, என்னை வூட்டுக்கு அனுப்பிட்டு நீங்களே முடுக்கிக்குங்க சார்!”

காதிலிருந்த பீடியைக்கூட எடுக்காமல் சொன்னார். நான்தான் நகர்ந்தேன்.

ஒரு மாதம் கழித்து முதலாளியிடம் பிளாடரைப் பெருமையாகக் காட்டினேன். உற்றுப் பார்த்தார்.

“நல்லா ஓடுதுங்களே. அப்ப இது உங்க யோசனையா இருக்காது.”