அப்பா கப்பல் பார்த்த நாள்

எங்க குடும்பத்துல வேன் யார் எடுக்குறாங்களோ அவங்கதான் அன்னிக்குக் கங்காணி. எங்க நிறுத்தணும், எப்போ சாப்பிடணும், எல்லாம் அவங்க இஷ்டம். மத்தவங்க வாயத் திறக்கக் கூடாது. ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து எத்தனையோ வருஷமாச்சு, இந்தப் புத்தி மட்டும் போகல.

அன்னிக்கு வேன் எடுத்தது என் அண்ணன். போனது பினாங்குக்கு. அப்பாவுக்காகத்தான் போனோம். பீடோர் பக்கத்துத் தோட்டத்துல மரம் சீவியே காலத்தை ஓட்டினவர், இப்போ என்னோட ஈப்போ சிலிபின்ல இருக்கார். கண்ணுல பிரஷர் ஏறி ரெண்டு கண்ணும் போய்க்கிட்டு இருக்கு. வெயில் இருந்தா கொஞ்சம் தெரியும், மங்கிட்டா ஒண்ணும் தெரியாது. "முழுசாப் போறதுக்குள்ள ஒரு பெரிய கப்பலப் பார்த்துடணும்மா"ன்னு கேட்டார். அவர் வாய்விட்டு ஒண்ணு கேட்டு நான் பார்த்ததே இல்ல.

காலையிலயே போய்ச் சேர்ந்துட்டோம். அண்ணன் நேரா வேனை விட்டது சுவர்ல படம் வரைஞ்ச தெருவுக்கு. அண்ணி ஒவ்வொரு சுவர்கிட்டயும் வரிசையில நின்னு போட்டோ எடுத்தாங்க. அப்புறம் நாசி கண்டார் கடையில சோறு. அப்புறம் செண்டோல் ஐஸ். "அண்ணே, கப்பல்"னேன். "கப்பல் எங்க ஓடிப் போவப் போவுது, ரிலேக்ஸ் லா"ன்னான். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. சண்டைக்கு வாயெடுத்தேன், அப்பா என் கையப் பிடிச்சு அழுத்தினார். வேன் எடுத்தவன எதிர்த்துப் பேசக் கூடாதாம். வாயில்லாப் பூச்சி, அவர் மேலயும்தான் கோவம் வந்துச்சு.

துறைமுகத்துக்குப் போனப்ப பொழுது சாஞ்சு, மழை வேற கட்டிக்கிட்டு நின்னுச்சு. எனக்குக் கப்பல் தெரிஞ்சது, மாடி மாடியா. அண்ணன் அப்பாவைக் கம்பிகிட்ட நிறுத்தி, "பாருங்கப்பா, எவ்வளவு பெரிசு"ன்னு சொல்லிட்டுப் போனைத் தூக்கினான்.

"ஆமாம்பா, ரொம்பப் பெரிசு"ன்னார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. அவர் பார்த்துக்கிட்டு இருந்தது பக்கத்துல இருந்த கார் நிறுத்துற கட்டடத்தை.

ஈப்போ வர்றதுக்குள்ள அந்தப் போட்டோ குடும்ப வாட்ஸ்அப்ல வந்துடுச்சு. கீழ, 'அப்பாவின் ஆசை நிறைவேறியது'ன்னு எழுதியிருந்தான். கப்பல் ஒரு பக்கம், அப்பா பார்வை ஒரு பக்கம். அது ஒருத்தருக்கும் கண்ணுல படல. அத்தைங்க எல்லாம், புண்ணியம் பண்ணின மகன்னு வரிசையா அனுப்பிக்கிட்டு இருந்தாங்க.

"என்னம்மா சொல்றாங்க, படிச்சுக் காட்டு"ன்னார் அப்பா.

பல்லக் கடிச்சுக்கிட்டு, ஒண்ணு விடாமப் படிச்சேன்.