அசையக்கூடாத பத்து நிமிடம்

கட்டியவனை ‘அவன்’ என்றுதான் எழுதுகிறேன். மரியாதை கொடுத்துப் பார்த்தாகிவிட்டது.

மட்டாஞ்சேரி பஜாரில் அரிசி மூட்டை சுமக்கிறவன். வலது தோளில் தசை முடிச்சு விழுந்து, பதினெட்டு நாளாகக் கை இடுப்புக்கு மேல் எழவில்லை. அந்தப் பதினெட்டு நாளும் எனக்கு அடியில்லை. மீன் குழம்பில் உப்பு கூடிய அன்று இடது கையை வீசினான். குறி தப்பிக் கதவு நிலையில் மோதி, விரல்தான் வீங்கியது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பாள் மாமியார். பதினோரு வருடத்தில் நான் கண்டது முதல் பாதியைத்தான்.

ஊசி குத்தி முடிச்சை விடுவிக்கும் பெண்ணிடம் அவனைக் கூட்டிப்போனதும் நான்தான். மூட்டை தூக்காவிட்டால் அடுப்பு எரியாதே. மருந்தில்லாத ஊசியா என்று நக்கலடித்தான். அவள் அவனைக் குப்புறப் படுக்கவைத்தாள். கை துள்ளும், பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள் என்னிடம். முடிச்சுக்குள் ஊசியை ஏற்றி இறக்கிக் குத்தினாள். அவன் அலறினான். எனக்கு இனித்தது, பொய் சொல்வானேன். அடுத்த குத்தில் தசை வெட்டி இழுக்க, கை என் பிடியை உதறித் துள்ளியது. நான் முகத்தை மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டிவிட்டேன். கண் திறந்தபோது அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து ஊசிகளைத் தோளில் நிற்கவிட்டு, பத்து நிமிடம் அசையக்கூடாது என்று அவனிடம் கண்டிப்பாகச் சொன்னாள். இன்னும் இரண்டு முறை வந்தால் கை பழையபடி வீசும் என்றாள்.

பழையபடி. குப்புறக் கிடந்த அந்த முதுகைப் பார்த்தேன். நான் பேசி முடிக்கும்வரை அவன் சும்மா கிடக்கும் நேரம் இனி வாய்க்காது.

“நான் ஸ்கூல்லேர்ந்து நம்ம மோளைக் கூட்டிட்டு தோப்பும்படிக்கு, தங்கச்சி வீட்டுக்குப் போறேன். இனி இந்தக் கைக்கு நான் கெடைக்க மாட்டேன்.”

“வீட்டுக்கு வாடி. கொன்னு காயல்ல போடுறேன்,” என்றான் முகம் புதைந்தபடி. எழப் பார்த்தான். ஊசிகள் இழுத்தன; பல்லைக் கடித்துக்கொண்டு விழுந்தான்.

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் முடிந்திருந்தது. அவன் தலைமாட்டில் போய் நின்றாள்.

“சேட்டா, இன்னும் இருபது மினிட் கெடக்கணும். அனங்கப் பாடில்ல, அசையவே கூடாது,” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, வாசல் பக்கம் தலையசைத்தாள்.