டேப்பின் மறுமுனை

கதை என்று நினைப்பவர்கள் அப்படியே நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவு டேப்பைப் பிடித்திருந்தது என் கை. இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது.

ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கரை. கூரை போன பழைய தேவாலயம், சுற்றிலும் கல்லறைகள். அவற்றை அளந்து வரைபடம் போடும் வேலை எனக்கும் மர்டோவுக்கும். பதினோரு வருடக் கூட்டாளி. கூடப் பிறந்த அண்ணனைவிட நெருக்கம். பேய் என்று யாராவது பேச்செடுத்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

நவம்பர் மாதம், மாலை 3.10. கடலிலிருந்து பனிமூட்டம் ஏறியது. மர்டோ சுவரோரம் நின்று டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டார். நான் சுருளோடு கல் கல்லாக அவரை விட்டு விலகி நடந்தேன். ஆள் தெரியாதபோது எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. இரண்டு முறை இழுத்தால், 'பிடித்துவிட்டேன், அளவைப் படி' என்று அர்த்தம்.

டக்... டக்.

பதினான்கு மீட்டர். அடுத்த கல். டக்... டக். பதினொன்று. நான் தள்ளிப் போகப் போக அளவு குறைகிறது. கண் அவிந்துபோச்சா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

3.26. டக்... டக்.

ஆறு மீட்டர்.



"இந்தா தம்பி, டீ."

முதுகுக்குப் பின்னால் மர்டோ. கையில் பிளாஸ்க். நான் நடக்கத் தொடங்கியதுமே நுனியை ஒரு கல்லில் மாட்டிவிட்டு வண்டிக்குப் போயிருந்தாராம். டேப் என் கையில் விறைப்பாகவே நின்றது.

"அண்ணே, தொடாதீங்க."

சிரித்துக்கொண்டே டேப்பை வாங்கினார். இரண்டு முறை இழுத்தார்.

டக்... டக்.

பதில் வந்தது.

அவர் சிரிப்பு நின்றது.

ஓடினோம்...

கீழே பண்ணை வீட்டில் இருந்த எஃபி என்ற பெண்தான் அந்த ஊர் நம்பிக்கையைச் சொன்னாள். கடைசியாகப் புதைக்கப்பட்டவர்தான் கல்லறைத் தோட்டத்துக்குக் காவல். அடுத்த உடல் வந்தால்தான் அவருக்கு விடுதலை. அங்கே கடைசியாகப் புதைத்தது 1913இல், ஆடு மேய்க்கும் ஒருவரை.

"நூறு வருஷத்துக்கு மேல நின்னா யாருக்குத்தான் கால் வலிக்காது? உங்கள்ல யாரு அவனுக்குப் பதில் குடுத்தது?"

"நான்தான்," என்றார் மர்டோ.

பன்னிரண்டாம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார். அறுபதுகூட ஆகவில்லை. குழந்தை மாதிரி அழுதேன்.

அவர்கள் குடும்பக் கல்லறை தெற்கே பெய்ஸ்லியில் இருக்கிறது. ஆனால் அவரைப் புதைத்தது அந்தக் கடலோரக் கல்லறைத் தோட்டத்தில். ஏன் என்று அவர் மனைவி மோராவிடம் கேட்டேன். சாவதற்கு முந்தின ராத்திரி அவரே கேட்டுக்கொண்டாராம்.

"காரணம் கேட்டேன்பா. 'வாக்குக் குடுத்துட்டேன்'னு மட்டும்தான் சொன்னாரு."